கணினியா, கன்சோலா, கைப்பேசியா: இந்தியா விளையாடிய கருவிகளின் வரலாறு

(நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

கோடை விடுமுறை தொடங்கியதும் பல வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. பிள்ளைக்கு விளையாட எதை வாங்கித் தருவது? கணினியா, கன்சோலா, அல்லது கையில் இருக்கும் கைப்பேசியே போதுமா? நண்பர்கள் ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள். ஒருவர் வரைகலை அட்டையின் வலிமையைப் பேசுகிறார். ஒருவர் சோனியின் தனி வெளியீடுகளைப் பேசுகிறார். மூன்றாமவர் இதற்கெல்லாம் எதற்குச் செலவு என்கிறார். ரசனையும் பணமும் மட்டுமே இதைத் தீர்மானிக்கின்றன என்பது அனைவருக்கும் பொதுவான எண்ணம்.

அப்படியல்ல என்பதே இப்பதிவின் கருத்து. இந்தியக் குடும்பம் ஒன்று கடையின் முன் வந்து நிற்பதற்கு முன்பே அந்த விடையின் பெரும்பகுதி எழுதப்பட்டுவிட்டது. அதை எழுதியவை சுங்க வரி அட்டவணை, காவல்துறை உரிமம், வீட்டில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளின் எண்ணிக்கை, தொலைத்தொடர்புக் கட்டணம் ஆகியவை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகால வரலாற்றை ஒரே வாக்கியத்தில் சுருக்கினால் இப்படிச் சொல்லலாம்: விளையாடுவதற்கென்றே செய்யப்பட்ட கருவி இந்த நாட்டில் பெரும்பான்மையோர் கைக்குச் சென்று சேரவில்லை, வேறொரு காரணம் சொல்லி வீட்டுக்குள் வந்த கருவிகளில்தான் இந்தியா விளையாடியது.

1. கூடங்களும் காவல்துறையும்

மின்னணு விளையாட்டு இந்திய நகரங்களுக்கு முதலில் வந்தது வீட்டுக்குள் அன்று. 1978இல் ஜப்பானில் வெளியான ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980இல் வெளியான பேக்மேன் ஆகியவற்றின் அலை உலகெங்கும் பரவிய பின், 1980களில் நம் பெருநகரங்களிலும் வீடியோ கேம் கூடங்கள் தோன்றின. டோக்கன் வாங்கி, நின்றுகொண்டே ஆடும் எந்திரங்கள் அவை.

அக்கூடங்களை அரசு எந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தது என்பது முக்கியமானது. பண்பாட்டுத் துறையோ விளையாட்டுத் துறையோ அவற்றைக் கவனிக்கவில்லை. கவனித்தது காவல்துறை. பொதுக் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் வழங்கும் விதிகள், சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டப் பிரிவுகள் ஆகியவற்றின் கீழ்தான் இந்தக் கூடங்கள் கொண்டுவரப்பட்டன. கர்நாடகத்தில் எழுந்த எம்.ஜே. சிவானி வழக்கில், வீடியோ கேம் கூடங்கள் உரிமக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவையே என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திறனால் வெல்லும் ஆட்டம் எது, வாய்ப்பினால் வெல்லும் ஆட்டம் எது என்ற கேள்வி அப்போதே நீதிமன்றத்தில் விவாதத்துக்கு வந்துவிட்டது.

அந்த விவாதத்தின் நியாய அநியாயங்களுக்குள் நான் இங்கே செல்லவில்லை. பணம் வைத்து ஆடும் எந்திரங்கள் மீது அரசுக்கு அக்கறை இருந்ததில் தவறும் இல்லை. ஆனால் திரையில் ஆடும் ஆட்டம் என்றாலே ஐயத்துக்குரியது என்ற மனப்பான்மை அங்கேதான் வேரூன்றியது. அதன் கிளைகளை இப்பதிவு நெடுகிலும் காண்போம்.

2. தொலைக்காட்சியோடு இணைந்த பெட்டி

1982 தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ண ஒளிபரப்பு இந்தியாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு, 1983 ஜூலையில், ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற கன்சோலை வெளியிட்டது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆயினும் பத்தாண்டுகளுக்குள் இரண்டும் இந்திய வரவேற்பறையில் சந்தித்தன.

சந்திக்க வைத்தது நின்டெண்டோ அன்று. தைவானிலும் சீனாவிலும் ஃபேமிகாமின் உள்ளமைப்பைப் படியெடுத்து மலிவான சில்லுகளாக உருவாக்கினார்கள். அச்சில்லுகளைக் கொண்ட நகல் பெட்டிகள் சாமுராய், லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் போன்ற பெயர்களில் இங்கே விற்பனைக்கு வந்தன. மக்கள் அவற்றைக் கன்சோல் என்று சொன்னதில்லை. அது ‘டிவி கேம்’ அல்லது வெறும் ‘வீடியோ கேம்’. அதில் செருகும் பொருளுக்குப் பெயர் ‘கேசட்’. பாட்டுக் கேசட், படக் கேசட் ஆகியவற்றின் வரிசையில் விளையாட்டுக் கேசட்டும் இயல்பாக அமர்ந்துகொண்டது. மேலட்டையில் 99,99,999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே மாரியோ, கான்ட்ரா, வாத்து சுடும் ஆட்டம் என ஒருசில ஆட்டங்களே பெயரையும் தொடக்கக் கட்டத்தையும் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். ஆயினும் யாரும் ஏமாந்ததாகக் கருதவில்லை. உண்மையான கேசட் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள் அன்று மிகச் சிலரே.

அதிகாரபூர்வமான முயற்சியும் நடந்தது. சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கன்சோலை 1995இல் இந்தியாவில் விநியோகிக்க முன்வந்தது ஷா வாலஸ். மதுபான வணிகத்தில் பெயர்பெற்ற நிறுவனம் அது. பெட்டியின் விலை 18,000 ரூபாய். வெளிநாட்டில் நடுத்தரக் குடும்பத்துக் குழந்தையின் பிறந்தநாள் பரிசாக இருந்த ஒன்று, இங்கே வண்ணத் தொலைக்காட்சியோடு போட்டியிடும் விலைக்கு வந்து நின்றது.

இந்த விலைக்குப் பின்னால் இருந்த கணக்கைப் பார்க்க வேண்டும். 1991 சீர்திருத்த நிதிநிலை அறிக்கையில் உச்சபட்ச சுங்க வரி 150 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. குறைக்கப்பட்ட பின்னரும் 150 என்பதைக் கவனியுங்கள். 1995இல்தான் அது 50 விழுக்காட்டுக்கு இறங்கியது. வரி மட்டுமே தடையாக இருக்கவில்லை. நுகர்பொருள்கள் பலவற்றின் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரல் 1 அன்றுதான் முற்றிலும் விலக்கப்பட்டன. எனவே 1990கள் முழுவதும் அசல் கன்சோல் என்பது வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த பெட்டி. அல்லது தில்லியின் பாலிகா பஜாரிலும் சென்னையின் பர்மா பஜாரிலும் ரசீது இல்லாமல் வாங்கிய பெட்டி.

இன்னொரு தடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. பெரும்பாலான வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றுதான். செய்தி, தொடர், கிரிக்கெட், ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம் ஆகிய அனைத்தும் முடிந்து எஞ்சிய நேரமே விளையாட்டுக்கு உரியது. அதற்கும் மேலாக, வீடியோ கேம் ஆடினால் பிக்சர் டியூப் கெட்டுவிடும் என்ற அச்சம் நாடெங்கும் பரவியிருந்தது. நகராத ஒரே படம் நெடுநேரம் நின்றால் திரையில் தடம் பதியக்கூடும் என்ற தொழில்நுட்ப உண்மை அதில் சிறிதளவு உண்டு. ஆனால் அந்த எச்சரிக்கை சமூகத்தில் ஆற்றிய பணி வேறு. வீட்டின் விலையுயர்ந்த பொதுப் பொருளைக் குழந்தையின் விளையாட்டுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற மறுப்புக்கு அது அறிவியல் மொழி தந்தது.

3. படிப்பதற்காக வந்த கணினி

கணினியின் கதை முற்றிலும் வேறு. அதற்கு இந்தியாவில் கிடைத்த வரவேற்பு ஒரு கருவிக்குக் கிடைத்ததன்று. ஓர் எதிர்காலத்துக்குக் கிடைத்தது.

ராஜீவ் காந்தி பிரதமரான சில வாரங்களில், 1984 நவம்பரில், புதிய கணினிக் கொள்கை அறிவிக்கப்பட்டது. அதே காலத்தில் பள்ளிகளில் கணினிக் கல்வியறிவை வளர்க்க ‘கிளாஸ்’ என்ற மத்திய அரசுத் திட்டம் தொடங்கி, தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன. 1981இல் என்ஐஐடி, 1986இல் ஆப்டெக் எனத் தனியார் பயிற்சி நிறுவனங்கள் வளர்ந்தன. கணினி இருக்கும் அறைக்குக் குளிரூட்டி வைத்தார்கள். செருப்பை வாசலில் கழற்றச் சொன்னார்கள். தொலைக்காட்சியைக் கெடுக்கும் டிவி கேமுக்கும், கோயிலைப் போல நுழைய வேண்டிய கணினி அறைக்கும் இடையே இருந்த மரியாதை வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அந்த அறைக்குள் விளையாட்டும் நுழைந்தது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, டேஞ்சரஸ் டேவ் ஆகியவை பிளாப்பியில் கைமாறின. ஆசிரியர் வரும் காலடி கேட்டதும் திரையை மாற்றும் கலையில் ஒரு தலைமுறை தேர்ச்சி பெற்றது. பின்னர் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் கணினி வந்தபோது, அது பிள்ளையின் படிப்புக்கான முதலீடாக வந்தது. ரோட் ராஷ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், வைஸ் சிட்டி, கிரிக்கெட் 07 ஆகியவை அந்த முதலீட்டின் நிழலில் வளர்ந்தவை.

இங்கே சுங்க அட்டவணை மீண்டும் குறுக்கிடுகிறது. இம்முறை ஒரு தரப்புக்கு ஆதரவாக. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக வணிக அமைப்பின் மாநாட்டில் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் உருவானது. 1997இல் இந்தியா அதில் இணைந்தது. அதன்படி கணினி, அதன் பாகங்கள், தொலைத்தொடர்புக் கருவிகள் ஆகியவற்றின் மீதான சுங்க வரி படிப்படியாகக் குறைந்து 2005இல் சுழியமானது. வீடியோ கேம் கன்சோல் அந்தப் பட்டியலில் இல்லை. அட்டவணையில் கணினி இருப்பது 84ஆம் அத்தியாயம், எந்திரங்கள். தொலைபேசி இருப்பது 85ஆம் அத்தியாயம், மின் கருவிகள். கன்சோல் இருப்பது 95ஆம் அத்தியாயம். பொம்மைகளும் விளையாட்டுப் பொருள்களும் அடங்கிய அத்தியாயம். உள்ளே இருக்கும் செயலியும் நினைவகமும் ஒரே வகையைச் சேர்ந்தவையாக இருக்கலாம். எதற்குப் பயன்படும் என்று வகைப்படுத்துபவர் கருதினாரோ அதுவே விலையைத் தீர்மானித்தது. 2015இல் அந்த ஒப்பந்தம் விரிவாக்கப்பட்டபோது கன்சோல்களும் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்த விரிவாக்கத்தில் இந்தியா இணையவில்லை.

வரி குறைந்ததன் பயனை நேரடியாகப் பெற்றவை தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகிய சந்தைகள். பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பொருத்திய ‘அசெம்பிள்டு’ கணினி, தவணை முறையிலும் வாங்கக்கூடிய பொருளாயிற்று. இவ்வாண்டு நினைவகம், அடுத்த ஆண்டு வரைகலை அட்டை என்று பகுதி பகுதியாகச் செலவிட முடிந்தது கணினியின் மிகப்பெரிய வலிமை. கன்சோலுக்கு முழுத் தொகையையும் ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டும்.

சொந்தக் கணினி இல்லாதவர்களுக்குப் பிரௌசிங் சென்டர் இருந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்தது. 1998இல் தனியார் நிறுவனங்களுக்கும் வழி பிறந்தபின் தெருவுக்குத் தெரு இணைய மையங்கள் முளைத்தன. இணையம் மெதுவாக இருந்தது. ஆனால் மையத்துக்குள் இருக்கும் கணினிகளைக் கம்பியால் இணைத்துவிட்டால் இணையமே தேவையில்லை. கவுன்டர்-ஸ்டிரைக் அந்தக் கம்பியில்தான் வாழ்ந்தது. மணிக்கு இருபது முப்பது ரூபாயில், ஒரே அறையில் பத்துப் பேர் இரு அணிகளாகப் பிரிந்து ஆடியது நம் இணைய விளையாட்டுப் பண்பாட்டின் உண்மையான தொடக்கம்.

அந்த அறை அனைவருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அது பெரும்பாலும் ஆண்களின் அறை. அரசின் கண்ணும் அதன்மீது இருந்தது. 2011 ஏப்ரலில் வெளியான இணைய மைய விதிகளின்படி அடையாள அட்டை கட்டாயம்; வருகைப் பதிவேடு கட்டாயம்; தடுப்புப் பலகைகள் நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. பாதுகாப்பு சார்ந்த காரணங்கள் அதற்கு இருந்தன. இருந்தாலும் கூடங்களுக்கு உரிமம் கேட்ட அதே குரல்தான் இங்கும் ஒலித்தது.

4. கன்சோலின் தாமதமான வருகை

2006 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலை இந்தியாவில் முறைப்படி வெளியிட்டது. அக்ஷய் குமாரும் யுவராஜ் சிங்கும் விளம்பரத் தூதர்கள். விலை 19,990 ரூபாயும் 23,990 ரூபாயும். 2007 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் 3 வந்தது. விலை 39,990 ரூபாய்.

அடுத்த தலைமுறையில் இடைவெளி இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. பிளேஸ்டேஷன் 4 அமெரிக்காவில் 2013 நவம்பரில் 399 டாலருக்கு வெளியானது. அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 24,700 ரூபாய். இந்தியாவுக்கு 2014 ஜனவரியில் வந்தபோது விலை 39,990 ரூபாய். அமெரிக்க விலையில் அங்குள்ள விற்பனை வரி சேராது என்பதைக் கணக்கில் கொண்டாலும் வேறுபாடு பெரிது. எக்ஸ்பாக்ஸ் ஒன் ஏறத்தாழ பத்து மாதங்கள் கழித்து வந்தது. பிளேஸ்டேஷன் 5 உலகச் சந்தைக்கு 2020 நவம்பரில் வந்து, இந்தியாவை 2021 பிப்ரவரி 2 அன்று அடைந்தது.

2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது நம் மூன்று கருவிகளுக்கும் மூன்று விகிதங்கள் விதிக்கப்பட்டன. கைப்பேசிக்கு 12 விழுக்காடு. கணினிக்கு 18. கன்சோலுக்கு 28. தேவை, கல்வி, ஆடம்பரம் என்று அரசு மனத்தில் வைத்திருந்த தரவரிசை இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் எழுதப்பட்டதில்லை. 2018 நிதிநிலை அறிக்கையில் கன்சோல் மீதான சுங்க வரி 10இலிருந்து 20 விழுக்காடாக உயர்ந்தது. 2019 தொடக்கத்தில் கன்சோலுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காடாகக் குறைந்தது. 2020 ஏப்ரலில் கைப்பேசிக்கு 18 விழுக்காடாக உயர்ந்தது. வரிசை சமன்பட்டபோது போட்டி முடிந்துவிட்டிருந்தது.

வரியை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது. கன்சோல் வணிகத்தின் அமைப்பே இங்கே பொருந்தவில்லை. பெட்டியைக் குறைந்த ஆதாயத்துக்கோ நட்டத்துக்கோ விற்று, ஆட்டங்களின் விற்பனையில் ஈட்டுவது அதன் முறை. ஓர் ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் வாடிக்கையாளர் தொடர்ந்து வேண்டும். இங்கே மிகப் பரவலாக நுழைந்த கன்சோலான பிளேஸ்டேஷன் 2, சந்தைகளில் சிப் பொருத்தி, திருட்டு டிவிடிகளில் ஓடியது. கருவி பரவியது, கருவியைத் தாங்க வேண்டிய வருவாய் வரவில்லை. ஹைதராபாத்தில் உருவாகி 2009இல் வெளியான ‘ஹனுமான்: பாய் வாரியர்’, இந்தியாவிலேயே முழுமையாக உருவாக்கப்பட்ட முதல் கன்சோல் ஆட்டமாகக் குறிப்பிடப்படுவது. அது வந்தது பிளேஸ்டேஷன் 2க்குத்தான். உலகம் அடுத்த தலைமுறைக்கு நகர்ந்த பின்னரும் இந்தியாவின் கன்சோல் அதுவாகவே இருந்தது.

சீனாவோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். சீன அரசு 2000இல் கன்சோல் விற்பனையைத் தடை செய்து, 2014-15இல்தான் தடையை விலக்கியது. அங்கும் கணினி மையங்களும் பின்னர் கைப்பேசியும் வென்றன. இந்தியாவில் அப்படியொரு தடைச் சட்டம் இல்லை. வரி, விலை, தாமதம் ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ அதே விளைவை உண்டாக்கின.

5. கைப்பேசி

1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு அது. அழைப்பைப் பெறுவதற்கும் காசு கொடுக்க வேண்டியிருந்த காலம். 1997இல் நோக்கியா 6110 கருவியில் பாம்பு விளையாட்டு வந்தது. 2003இல் உள்வரும் அழைப்புகள் கட்டணமின்றி ஆயின. அவ்வாண்டே ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்தொகையில் கைப்பேசி வழங்கியது. கன்சோலைக் கண்ணால்கூடப் பார்த்திராத கோடிக்கணக்கானோர் வாழ்வில் முதன்முதலாக ஆடிய மின்னணு ஆட்டம், மெதுவாக நீண்டு தன் வாலையே கடித்து இறந்த அந்தப் பாம்புதான். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை, வாங்குவோராக மட்டுமன்றிச் செய்வோராகவும் நம்மை அந்தக் கதையில் சேர்த்தது. 2014இல் அது மூடப்பட்டது தனியே எழுத வேண்டிய துயரம்.

திருப்புமுனை 2016. அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியது. ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்குப்படி, 2014இல் ஒரு ஜிபி தரவுக்குச் சராசரியாக 269 ரூபாய் இருந்தது. 2018இல் அது 12 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அதே 2016இல் யுபிஐ வந்தது. இதன் முக்கியத்துவத்தை விளையாட்டு வரலாறு போதுமான அளவு கவனிக்கவில்லை. கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளம் 2015இல்தான் ரூபாயில் விலை குறிக்கத் தொடங்கியது. கடன் அட்டை இல்லாதவருக்கு அதுவரை நேர்மையான வழி என்பதே அரிது. யுபிஐ வந்தபின் பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் ஆட்டத்துக்குள் பொருள் வாங்க முடிந்தது.

2018 மார்ச்சில் பப்ஜி மொபைல் வந்தது. கையில் ஏற்கெனவே கருவி இருந்தது, தரவு மலிந்திருந்தது, ஆட்டம் இலவசம். கவுன்டர்-ஸ்டிரைக்குக்குத் தேவைப்பட்ட அறையும் கம்பியும் தேவைப்படவில்லை. குறைந்த நினைவகம் கொண்ட மலிவான திறன்பேசிகளில் ஃப்ரீ ஃபயர் ஓடியது. ஊரடங்குக் காலத்தில் நவி மும்பையில் உருவான லூடோ கிங் குடும்பங்களை ஒரே பலகையைச் சுற்றி அமர்த்தியது. இந்தியப் பச்சிசியின் வழித்தோன்றலாக 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற லூடோ, நூற்றாண்டு கடந்து கண்ணாடித் திரையாகத் திரும்பி வந்தது. இணைய மையத்தின் வாசலைத் தாண்ட அனுமதி இல்லாத பெண்கள் பலர், கைப்பேசி வழியாகத்தான் முதன்முறை அணி சேர்ந்து ஆடினார்கள். கைப்பேசியை மலிவுப் பதிப்பு என்று இகழ்வோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

6. எதை இழந்தோம்

பழைய ஐயம் கைப்பேசியையும் விடவில்லை. 2019 மார்ச்சில் ராஜ்கோட் காவல்துறை பப்ஜி ஆடுவதைத் தடை செய்தது. ஆடியதற்காக மாணவர்கள் கைது செய்யப்பட்டனர். 2020 செப்டம்பர் 2 அன்று நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகள் தடை செய்யப்பட்டன. அக்டோபர் 30 அன்று அதன் வழங்கிகள் இந்தியாவுக்கு நிறுத்தப்பட்டன. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை செய்யப்பட்டது. பப்ஜிக்கு மாற்றாக 2021இல் வந்த ஆட்டமும் 2022 ஜூலையில் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து, மின் விளையாட்டுப் போட்டிகளுக்கு ஏற்பளிக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது. 1995இல் நீதிமன்றத்தில் எழுந்த கேள்விக்கு நாடு தழுவிய சட்டம் ஒன்று விடை சொல்ல முப்பது ஆண்டுகள் ஆயின.

இத்தடைகளின் சரி தவறுகளில் அவரவர்க்கு ஒரு கருத்து இருக்கலாம். வரலாற்று மாணவன் என்ற முறையில் நான் காண்பது வேறொன்று. 1993இல் வாங்கிய கேசட் இன்றும் ஓடும். ஊதித் துடைத்துச் செருகினால் போதும். 2005இல் வாங்கிய சிடியும் கீறல் இல்லாவிட்டால் ஓடும். 2020 அக்டோபர் 30 அன்று நின்றுபோன பப்ஜியில் ஒருவர் இரண்டரை ஆண்டுகள் சேர்த்தவை எவையும் அவர் கையில் இல்லை. விலையில் மிக மலிவான கருவி, உடைமை என்ற வகையில் நமக்கு மிகக் குறைவாகத் தந்தது. ஜாவா கைப்பேசிகளுக்காக மும்பையிலும் பெங்களூரிலும் உருவான ஆட்டங்கள் பல இன்று எங்கே கிடைக்கும் என்று தேடினால் வெறுமைதான் எஞ்சுகிறது.

இழப்பு ஆக்குவோர் பக்கமும் உண்டு. 1997இல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், உலகின் பெரிய ஆட்டங்களுக்குக் கலைப்பணி செய்து தந்தது. அந்தத் திறன் இங்கே வளர்ந்தது. அது உருவாக்கிய ஆட்டங்களை வாங்கும் சந்தை இங்கே வளரவில்லை. புனேயில் உருவான ‘ராஜி’, 2020 ஆகஸ்டில் முதன்முதலாக வெளியானது நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில். நின்டெண்டோ அக்கருவியை இந்தியாவில் முறைப்படி விற்பனை செய்யவில்லை. இந்தியத் தொன்மத்தைச் சொல்லும் இந்திய ஆட்டம், இந்தியக் கடையில் இல்லாத கருவியில் பிறந்தது. மேலே சொன்ன நாற்பதாண்டு வரலாறு முழுவதும் அந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது.

7. எனவே, எதை வாங்குவது?

வரலாறு கடைக்காரர் அன்று. ஆனாலும் சில அளவுகோல்களைத் தரும். பகுதி பகுதியாகச் செலவிட்டு, படிப்புக்கும் வேலைக்கும் பயன்பட்டு, பழைய ஆட்டங்களையும் காத்துத் தர வேண்டுமானால் கணினி. ஒருமுறை பெரிய தொகை செலவழித்து, பல ஆண்டுகள் மேம்படுத்தும் கவலையின்றி, வீட்டார் ஒன்றாக அமர்ந்து ஆட வேண்டுமானால் கன்சோல். வாங்கும்போது ஆட்டங்களின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள், வட்டு இயங்கும் பதிப்பையே தேர்ந்தெடுங்கள். இரவல் கொடுக்கவும் மறுவிற்பனை செய்யவும் வட்டுக்கு மட்டுமே முடியும். செலவின்றி, எங்கிருந்தும், நண்பர்களோடு சேர வேண்டுமானால் கைப்பேசி. அதில் வாங்கும் எதுவும் வாடகைக்கு எடுத்ததே என்ற தெளிவோடு ஆடுங்கள்.

இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. பிள்ளை விளையாடுவதற்காகத்தான் கேட்கிறது என்றால், விளையாடுவதற்காக என்றே சொல்லி வாங்கிக் கொடுக்கலாம். படிப்பின் பெயரால் கணினியையும், தொடர்பின் பெயரால் கைப்பேசியையும் வீட்டுக்குள் கொண்டுவந்து, பின் அதில் ஆடுவதைக் குற்றமாகக் கண்காணிப்பது, அரசு நமக்குக் கற்பித்த பழக்கத்தை நாம் வீட்டுக்குள் தொடர்வதே ஆகும். வெளிப்படையாக ஒப்புக்கொண்ட விளையாட்டுக்குத்தான் வெளிப்படையான நேர வரம்பும் வைக்க முடியும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இந்த வரலாற்றுக்கு நம்மிடம் ஆவணக் காப்பகம் கிடையாது. பரணில் கிடக்கும் டிவி கேம் பெட்டி, விலைச்சீட்டோடு இருக்கும் கேசட், கையால் பெயர் எழுதிய சிடி, இணைய மையத்தின் பழைய பதிவேடு, பொத்தான் தேய்ந்த நோக்கியா ஆகியவை இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அவற்றைப் படமெடுத்து, எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன விலை என்ற மூன்று குறிப்புகளோடு பின்னூட்டத்தில் இடுங்கள். உங்கள் ஊரில் கேசட்டுக்கும் இணைய மையத்துக்கும் என்ன பெயர் வழங்கியது என்பதையும் எழுதுங்கள். சுங்க அட்டவணை வரியின் கதையை மட்டுமே சொல்லும். ஆடியவர்களின் கதை உங்களிடம்தான் இருக்கிறது.